தையல்

ஆகஸ்டில் தராசு இருநூற்று எண்பத்தாறு பவுண்டு காட்டியது.
போதாது என்றார் பயிற்சியாளர் ஹாலோரன்.
ஒரு நாளைக்கு ஆறு வேளை.
விளக்கணைத்த பிறகும்
படுக்கையடியிலிருந்து கடலை வெண்ணெய்;
கரண்டி வேண்டாம், விரல் போதும்.

கால்பந்து என்று பேர்.
காலால் தொடுகிறவன் எங்களில் அநேகமாக ஒருவன்தான்,
லூசியானாக்காரன், ப்ரூடோம்.
அவன் உதைக்க வேண்டுமென்றால்
நான் குனிந்து
என் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிய வேண்டும்.
என் வேலை அவ்வளவே.
மூன்று வருஷமாய் இந்த ஆட்டத்தைத்
தலைகீழாகத்தான் பார்த்திருக்கிறேன்:
வானம் கீழே, புல் மேலே,
நடுவில் மண்டியிட்டு
இரண்டு கையும் விரித்துக் காத்திருக்கும் டென்னன்ட்.

செப்டம்பரில் இரண்டு வென்றோம்.
எங்கள் ஆட்டத்தில் அழகு கிடையாது.
மூன்று கஜம், மறுபடி மூன்று கஜம்,
கந்துவட்டிக் கடன் அடைப்பதுபோல.
நாங்கள் எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும்
மைதான மூலையில் முதலாண்டுப் பிள்ளைகள் தண்டால் எடுப்பார்கள்.
தோற்கும் வாரங்களில்
அவர்களுக்குக் கை வலிப்பதில்லை.
அதற்காக எங்களை மன்னித்ததும் இல்லை.

மற்ற கல்லூரிகளில் ஆட்டத்தைப் போர் என்பார்கள்.
இங்கே அந்தச் சொல்லை
யாரும் பந்துக்குச் செலவழிப்பதில்லை.
போன வருஷம் என் இடத்தில் குனிந்தவன்
இப்போதும் சனிக்கிழமைதோறும் வாழ்த்து அனுப்புகிறான்.
எந்த ஊரிலிருந்து என்று எழுதுவதில்லை.

அக்டோபர். ஓஹாயோவில் மழை.
ஏழு நொடி மிச்சம், ஒரு புள்ளி பின்னால்.
முப்பத்தொரு கஜம்,
ப்ரூடோம் தூக்கத்தில்கூட உதைத்துவிடுவான்.
நான் எறிந்த பந்து
அரைச் சுற்று கூடுதலாய்ச் சுற்றிவிட்டது.
அந்தப் பக்கம் பார்க்க வேண்டிய தையல்
அவன் பாதத்தைப் பார்த்து நின்றது.
திருப்ப டென்னன்டுக்கு நேரமில்லை.
இடது கம்பத்தில் ஒரு சத்தம்,
பாத்திரம் விழுந்ததுபோல.

திரும்பி வரப் பேருந்தில் பதினோரு மணி நேரம்.
ப்ரூடோம் ஜன்னல் கண்ணாடியிடம்
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான்.
டென்னன்ட் என்னைப் பார்த்தான்.
நான் கடலை வெண்ணெய் டப்பாவைத் திறந்தேன்.

நவம்பரில் ஒரு வியாழன் இரவு
கையில் உறை கொடுத்தார்கள்.
டென்னன்டுக்கு ஹெலிகாப்டர். எனக்குப் பீரங்கி.
ப்ரூடோமுக்குக் கண்ணிவெடி தேடும் பிரிவு.
பின்வரிசையில் யாரோ அவன் காலைப் பார்த்துச் சிரித்து
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அன்று படிக்கட்டில் சொன்னேன்:
ஓஹாயோ. தையல். என் தப்பு.
'தெரியும்,' என்றான்,
'உதைக்கும்போதே தெரியும்.
ரெண்டு பேர் எதுக்குத் தூங்காம இருக்கணும்?'

கடைசி ஆட்டத்தில்
அவனுக்கு உதைக்க வாய்ப்பே வரவில்லை.
ஐந்து வெற்றி, ஏழு தோல்வி.
தோற்ற பக்கமாக நின்று முதலில் பாடினோம்;
என் தொடை குளிரில் துள்ளிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது:
மே மாதத்துக்குள் இருநூற்று இருபத்தெட்டு.
இல்லையென்றால் தோளில் பட்டை கிடையாது.
சர்க்கார் ஊட்டி வளர்த்த சதை,
சர்க்காரே திருப்பிக் கேட்கிறது.
ஆற்றோரப் படிகளில் விடியுமுன் ஓடுகிறேன்.
ஹட்ஸனில் பனிப்பாளங்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகின்றன,
எந்த அணி என்று தெரியாமல்.

சீருடைக் கடையில் மிஸஸ் பார்ட்டோஷ்
மூன்றாம் முறையாக என் கால்சட்டையைப் பிரித்துப் பிடிக்கிறாள்.
வாயில் வரிசையாகக் குண்டூசி.
'இன்னும் நாலு அங்குலம் போகணும்.
ஏன் எப்பவும் குனிஞ்சே நிக்கறே?
ஊசி குத்தும், நிமிரு.'

நிமிர்ந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே
வானம் மேலேதான் இருந்தது.
பழகக் கொஞ்ச நாளாகும்.